போரைப் பற்றி ஊர் கூடிக் கதைக்கும் அரங்குகள்: மட்டக்களப்பு, அம்பாறையில் எதற்குப் போகலாம், எப்படி நடத்தலாம்?

போர் நடப்பது உக்ரைனிலும் காசாவிலும் சூடானிலும். அதைப் பற்றிக் கதைக்க ஆள் கூட்டுவது மட்டும் நம்மூரில் குறையவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த அரங்குகள் மூன்று வடிவத்தில் கிடைக்கின்றன: பட்டிமன்றம், கருத்தரங்கு, வட்டக் கலந்துரையாடல். நோட்டீசில் மூன்றும் இலவசம். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருகிறவருக்கு பஸ் காசும் அரை நாள் கூலியும் போகும். நடத்துகிறவருக்கு மண்டப வாடகை, சவுண்ட் செட், கதிரை, தேத்தண்ணி என்று போகும். அந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு. நடத்துகிறவர்களின் பெயர் இதில் வராது. அநேகமானவை ஒரு வாசகசாலையையோ சனசமூக நிலையத்தையோ மாதர் சங்கத்தையோ பள்ளிவாசல் நூலகத்தையோ சுற்றியுள்ள நாலைந்து பேரின் தோளில் நிற்பவை. புகழ்ந்து பெயர் போட்டாலும் அவர்களுக்கு மிஞ்சுவது வீண் விசாரணைதான்.

பட்டிமன்றத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நடந்துகொண்டிருக்கும் போரைப் பேச ஆகப் பொருந்தாத வடிவம் அது. பக்கத்துக்கு மூன்று பேச்சாளர், நடுவில் நடுவர். கூட்டம் நிறையும், கைதட்டும் விழும். எட்டு நிமிடத்துக்குள் கைதட்டு வாங்க வேண்டிய பேச்சாளர் பகிடி விடாமல் தப்ப முடியாது. செத்தவர்களின் கணக்குக்கும் பகிடிக்கும் நடுவே சபை நெளியும். கடைசியில் நடுவர் ஒரு தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும். காசாவில் நடப்பது இனப்படுகொலையா என்று ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றமே இன்னும் இறுதித் தீர்ப்புச் சொல்லாத விஷயத்துக்கு ஆரையம்பதியில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்வது சபைக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். உயர்தர மாணவருக்குப் பேச்சுப் பழக்க வேண்டுமென்றால் வைக்கலாம். ஐந்துக்கு ஒன்றரை.

கருத்தரங்கின் கதை வேறு. விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு மணித்தியாலம் சட்டத்தையும் வரலாற்றையும் ஒழுங்காக எடுத்து வைத்தால் அதற்கு ஈடில்லை. கெடுப்பது நிகழ்ச்சி நிரல்தான். விளக்கேற்றல், கிராஅத் (குர்ஆன் ஓதல்), மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம அதிதி உரை, பிறகுதான் சிறப்புரை. நாலு மணிக்கென்று அடித்த நோட்டீசுக்கு நாலரைக்குத் தொடங்கினால் சிறப்புரையாளர் மைக்கைப் பிடிக்க ஐந்தேகால் ஆகும். மஃரிப் தொழுகை இங்கே வருஷம் முழுக்க ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் வருகிறது. ஆகவே சபைக்குக் கிடைப்பது "ஓரிரண்டு பேர் சுருக்கமாகக் கேளுங்கோ" என்ற ஐந்து நிமிடம். பொன்னாடைக்கும் ஞாபகச் சின்னத்துக்கும் மேடைப் பதாகைக்கும் போகிற காசில் ஒரு முழு வட்டக் கலந்துரையாடலை நடத்தி முடித்துவிடலாம்.

மௌன அஞ்சலியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. யாருக்கு? "காசாவில் இறந்தவர்களுக்கு" என்றால் 2023 ஒக்டோபர் 7 தாக்குதலில் இஸ்ரேலில் இலங்கையர் இருவரும் இறந்தார்களே என்று ஒருவர் எழும்புவார். "உக்ரைன் மக்களுக்கு" என்றால் முள்ளிவாய்க்காலுக்கு ஏன் இந்த மண்டபத்தில் எழும்பி நிற்கவில்லை என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு கேள்வியும் நியாயமானவை. கூட்டம் தொடங்க முதலே எழும்பினால் மீதி நேரம் அதிலேயே போய்விடும். "போர்களில் உயிரிழந்த எல்லாப் பொதுமக்களுக்கும்" என்று ஒரே வசனத்தில் முடிப்பது நல்லது, அல்லது அந்த அங்கத்தையே விட்டுவிடலாம். கருத்தரங்குக்கு ஐந்துக்கு இரண்டரை. பிரதம அதிதியைக் கழித்து, உரையை 35 நிமிடத்தில் நிறுத்தி, மீதியைச் சபைக்குக் கொடுத்தால் மூன்றரை வரை போகும்.

இனி வட்டம். நம் இரு மாவட்டங்களிலும் ஆகக் குறைந்த செலவில் ஆகக் கூடிய பலன் தருவது இதுதான். ஆகச் சுலபமாகப் பாழாவதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அளவில் இருந்து தொடங்கலாம். 30 முதல் 40 பேர். 20க்குக் குறைந்தால் இரண்டு பேர் முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வார்கள், 50ஐத் தாண்டினால் அது கருத்தரங்காகிவிடும். உள்வட்டத்தில் 12 கதிரை. அதில் 10 பேர் இருக்க, இரண்டு வெறுங்கதிரை. வெளிவட்டத்தில் மற்றவர்கள். பேச விரும்புகிறவர் எழும்பி வந்து வெறுங்கதிரையில் இருந்து பேசிவிட்டுத் திரும்பிப் போவார். மேடை இல்லை, முன்வரிசை இல்லை. கூத்தாடும் வட்டக்களரி பார்த்து வளர்ந்த ஊர்களில் இதை விளக்கத் தேவையே இல்லை, கதிரையைப் போட்டதும் ஆட்கள் புரிந்துகொள்கிறார்கள். வெறுங்கதிரைகளில் ஒன்று பெண்கள் இருக்கும் பக்கமாக இருக்க வேண்டும். ஆண்களைத் தாண்டி நடந்து வர வேண்டுமென்றால் பாதிப் பேர் எழும்பவே மாட்டார்கள். கலப்பாக இருக்கச் சங்கடப்படுகிற ஊர்களில் வட்டத்தை இரண்டு அரைவட்டமாகப் பிரித்துப் போடலாம், திரை கட்ட வேண்டியதில்லை.

நாள் எடுப்பதில் தோற்கிறவர்கள் அதிகம். வெள்ளி ஜும்ஆ. ஞாயிறு காலை பூசையும் அறநெறி வகுப்பும். சனி காலையில் டியூஷன். மிஞ்சுவது சனி அல்லது ஞாயிறு பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து நாலு மணிக்குத் தொடங்கி மஃரிப்புக்கு முன் முடிப்பது. நோன்பு மாதத்தில் வைக்கக்கூடாது. கோயில் திருவிழாக் காலங்களில் அந்தந்த ஊரில் கேட்டுப் பார்க்க வேண்டும். மாரியில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, தகரக் கூரையுள்ள மண்டபத்தை எடுக்காதீர்கள்: மழை விழுந்தால் மைக் இருந்தும் ஒன்றும் கேட்காது. ஆடி ஆவணியில் கச்சான் காற்று மேசையில் உள்ள தாளெல்லாம் கொண்டுபோகும், கல் வைக்க வேண்டும். மட்டக்களப்பு நகரில் வைத்தால் வாவிக்கு அந்தப் பக்கத்து ஆட்களின் கடைசி பஸ்ஸையும், களுவாஞ்சிகுடிப் பக்கம் வைத்தால் குருமண்வெளி–மண்டூர்ப் பாதையின் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகின்) கடைசி நேரத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு 40 நிமிடம் முன்னால் கூட்டம் முடிய வேண்டும். இல்லாவிட்டால் படுவான்கரை ஆட்கள் நடுவில் எழும்புவார்கள், எழும்பியவர்களின் கருத்து இல்லாமலே முடிவு எழுதப்படும்.

ஒலியைப் பொறுத்தவரை 40 பேருக்கு உண்மையில் மைக் தேவையில்லை. ஆனாலும் ஃபேன் சத்தத்தோடு முதியவர்களுக்குக் கேட்காது, மெல்லப் பேசுகிற பெண்களின் குரல் எடுபடாது. சின்ன சவுண்ட் செட் ஒன்றும் இரண்டு மைக்கும் போதும். வட்டத்தில் மைக் சுற்றி வருவதால் பெட்டிக்கு முன்னால் போன உடனே கூவும். பெட்டிகளை வெளிவட்டத்துக்கும் வெளியே, மண்டப மூலைகளில், ஆட்களின் தலைக்கு மேலே வைத்து, சத்தத்தைப் பாதிக்குக் கீழே விடச் சொல்லுங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் கூவும். கொட்லெஸ் மைக் இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒன்றையொன்று வெட்டும், வாடகைக்கு எடுக்கும் கடையிலேயே இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பற்றரி இரண்டு சோடி கூடுதலாக. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தேவையில்லை, கதிரைகளை இன்னும் நெருக்கிப் போட்டால் போதும்.

தகவல் தாளைப் பற்றிச் சொல்லாமல் எந்த அரங்கையும் மதிப்பிட முடியாது. நல்ல வட்டம் முதல் 15 நிமிடத்தில் கருத்தே சொல்லாது. ஒரு வரைபடம், ஒரு காலக்கோடு, ஒரு எண் தாள் மட்டும் காட்டும். புரொஜெக்டர் பகல் வெளிச்சத்தில் நம்மூர் மண்டபங்களில் ஒன்றும் தெரியாது. 4 அடிக்கு 3 அடி வரைபடத்தை அச்சகத்தில் மினுக்கமில்லாத துணியில் அடித்தால் பல கூட்டங்களுக்கு வரும். அதன் மூலையில் அது எந்தத் திகதியின் நிலவரம் என்று எழுதியிருக்க வேண்டும். திகதி இல்லாத போர் வரைபடத்தால் சண்டைதான் வரும்.

எண் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் வேண்டும்: யார் எண்ணினார்கள், எந்தத் திகதி வரை, யார் யார் அதில் அடக்கம். காசா சுகாதார அமைச்சின் இறப்புக் கணக்கு 2025 ஒக்டோபரில் 67,000ஐத் தாண்டியிருந்தது. அந்தக் கணக்கு போராளியையும் பொதுமகனையும் பிரிப்பதில்லை. உக்ரைனில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொல்லும் பொதுமக்கள் எண்ணிக்கை தாங்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது மட்டும், உண்மை இதைவிடக் கூட என்று அவர்களே சொல்கிறார்கள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எங்கே கூடச் செத்தார்கள்" என்று ஒப்பிட்டால் தாள் பிழை. இதே பாடம் நமக்குப் பழக்கமானது: 2009இல் நம் போரின் கடைசி மாதங்களில் பொதுமக்கள் 40,000 வரை இறந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியதை ஒரு பக்கம் எண்ணிச் சொன்ன கணக்காகவும் மறுபக்கம் கட்டுக்கதையாகவும் ஆக்கியது நினைவிருக்கும்.

நீதிமன்ற விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். தென்னாபிரிக்கா 2023 டிசம்பர் 29இல் இஸ்ரேலுக்கு எதிராக சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2024 ஜனவரி 26இல் வந்தது இடைக்கால உத்தரவு. "இனப்படுகொலை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது" என்று மேடையில் சொல்வது பிழை. புட்டினுக்கு 2023 மார்ச் 17இலும் நெதன்யாகுவுக்கு 2024 நவம்பர் 21இலும் பிடியாணை கொடுத்தது வேறு நீதிமன்றம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். முதலாவது நாடுகளுக்கு இடையிலான வழக்கைக் கேட்பது, இரண்டாவது தனி ஆட்களின் மேல் குற்றம் சாட்டுவது. இலங்கை இரண்டாவதை உருவாக்கிய ரோம் சாசனத்தில் சேரவில்லை. இந்த வித்தியாசத்தை ஒரு அட்டையில் எழுதி வட்டத்தின் நடுவில் வைத்தால் அரை மணித்தியால வாய்த்தர்க்கம் மிச்சம்.

வாக்களிப்புப் பட்டியல் போல நம் சபையைத் தூண்டுகிற தாள் வேறில்லை. 2022 மார்ச் 2இல் உக்ரைன் படையெடுப்பைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு ஆதரவு 141, எதிர்ப்பு 5, விலகல் 35. இலங்கை விலகியது. 2023 டிசம்பர் 12இல் காசாவில் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானத்துக்கு ஆதரவு 153, எதிர்ப்பு 10, விலகல் 23. இலங்கை ஆதரித்தது. மூன்றாவதாக 2021 மார்ச் 23இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய, இலங்கை மீதான 46/1 தீர்மானத்தை வையுங்கள்: ஆதரவு 22, எதிர்ப்பு 11, விலகல் 14. உக்ரைன் ஆதரித்தது. ரஷ்யா எதிர்த்தது. பாகிஸ்தானும் பங்களாதேசும் எதிர்த்தன. இந்த மூன்று வரியையும் வைத்துவிட்டு "இதில் யார் யாருக்கு நண்பர்?" என்று கேட்டால் தமிழரும் முஸ்லிம்களும் இருக்கிற வட்டத்தில் பிறகு யாரையும் பேசத் தூண்ட வேண்டியதில்லை. ஒவ்வொருவரின் கையிலும் தனக்குப் பிடிக்காத ஒரு எண்ணாவது இருக்கும்.

வீடியோ காட்டும் அரங்குகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியிருக்கிறது. வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே போடுகிறார்கள். ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் என்றும் காசா என்றும் உலகம் முழுக்கச் சுற்றின. சிரியாவின் பழைய படங்களும் அப்படித்தான். சோதிக்கிற முறை சுலபம்: வீடியோவை நிறுத்தி, கட்டடமோ பெயர்ப்பலகையோ தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, எழுத்துகளை வெட்டிவிட்டு, கூகுள் லென்ஸில் போட்டு, கிடைக்கும் முடிவுகளில் ஆகப் பழைய திகதியைப் பாருங்கள். போர் தொடங்க முந்திய திகதி ஒன்று வந்தாலே தூக்கிப் போடலாம். உண்மையான வீடியோவென்றாலும் பிணங்களைக் காட்டக்கூடாது. இந்த மாவட்டங்களில் எந்த 40 பேரை இருத்தினாலும் அதில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு.

நேரக்கணக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். இரண்டரையில் மஞ்சள் அட்டை, மூன்றில் சின்ன மணி. அட்டையைக் காட்டுகிறவர் இளையவராக இருந்தால் வயதுபோன மாஸ்டர்மார் கண்டுகொள்ள மாட்டார்கள். ஊரில் மதிப்புள்ள ஒரு பெண், ஓய்வுபெற்ற ஆசிரியை போன்றவர், "சேர், மூணு நிமிசம் முடிஞ்சுது, மிச்சத்த மறுகா கதைப்பம்" என்றால் அமர்ந்துவிடுவார்கள். பேசக் கேட்பவர் பெயரை இரண்டு நிரலில் எழுத வேண்டும், முதல்தரம் பேசுகிறவர் இடப்பக்கம், ஏற்கெனவே பேசியவர் வலப்பக்கம். இடப்பக்கம் முடியும் வரை வலப்பக்கத்துக்குப் போகக்கூடாது. இதைக் கடைப்பிடிக்காத வட்டத்தில் கடைசியில் நாலு பேரின் குரல்தான் கேட்கும்: சட்டத்தரணி, மௌலவி, ஃபாதர், ஒரு முன்னாள் அதிபர். நாலு பேரும் நல்லவர்கள். அவர்களைக் கேட்க வேறு மேடைகள் இருக்கின்றன. பேசத் தயங்குகிறவர்களுக்குத் துண்டுத்தாளும் பென்சிலும் கொடுத்து, தேத்தண்ணி நேரத்தில் சேர்த்து வாசிக்கலாம். தேத்தண்ணியை முடிவில் கொடுக்காமல் நடுவில், 50வது நிமிடம் போலக் கொடுங்கள். வாய்ச்சண்டை முற்றுகிற நேரமும் அதுதான், கை நிறையக் கோப்பையும் வடையும் இருந்தால் குரல் தானே இறங்கும்.

இப்போது ஆக முக்கியமான விஷயம். கிழக்கில் எந்த வெளிநாட்டுப் போரைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் அரை மணித்தியாலத்தில் நம் போர் உள்ளே வரும். வந்தே தீரும். காசாவின் ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொன்னவருக்கு 2009ன் ஆஸ்பத்திரிகள் நினைவு வரும். பள்ளிவாசல் இடிந்ததைச் சொன்னவருக்கு 1990 ஓகஸ்ட் 3, காத்தான்குடியில் தொழுகையில் இருந்தவர்களைப் புலிகள் சுட்டது. அதைக் கேட்டவருக்குத் தமிழர் கொல்லப்பட்ட அதே ஓகஸ்ட் 12 வீரமுனை, செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான். அதற்கு முஸ்லிம்கள் கொல்லப்பட்ட ஏறாவூர். அதற்குத் தமிழர் கொல்லப்பட்ட 1987இன், 1991இன் கொக்கட்டிச்சோலை. ஆயுதங்களின் பெயரிலும் இது தொடரும்: 1996இல் இஸ்ரேலிடமிருந்து வந்த கிபிர், 2000இல் உக்ரைனிடமிருந்து வந்த மிக் 27, இரண்டும் இந்த நாட்டு வானத்தில் பறந்து குண்டு போட்டவை. 1984இல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேல் நலன் பிரிவு திறந்ததையும் அப்போது முஸ்லிம்கள் எதிர்த்ததையும் மூத்தவர்கள் மறக்கவில்லை.

"இது அரசியல், இதை இங்கே பேச வேண்டாம்" என்று மூடுகிற அரங்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டாம் தடவை ஆட்கள் வருவதில்லை, வந்தாலும் வாய் திறப்பதில்லை. எதிர்மாறாக, திறந்துவிட்டுக் கட்டுப்படுத்தாத அரங்குகள் 20 நிமிடத்தில் இரண்டு ஊர்களாகப் பிரிந்துவிடும். சரியாகச் செய்கிற வட்டங்கள் அதற்கென்றே கடைசி 30 நிமிடத்தை ஒதுக்கி, அதை நோட்டீசிலேயே போடுகின்றன. அந்த நேரத்துக்குத் தனிச் சட்டம்: ஒருவர் ஒரே ஒரு சம்பவம், தன் ஊரில் நடந்தது, அல்லது தன் ஆட்கள் மற்ற ஊருக்குச் செய்தது. திகதி சொல்லலாம், எண்ணிக்கை ஒப்பிடக்கூடாது. யாரும் பதில் சொல்லக்கூடாது, அடுத்தவர் தன் சம்பவத்தைச் சொல்லலாம், அவ்வளவுதான். முதல் பேச்சாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், அவர் தன் சமூகம் செய்த ஒன்றிலிருந்து தொடங்க ஒப்புக்கொண்டவராக இருக்க வேண்டும். இப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அந்த அரை மணியை வைக்காமல் விடுவதே மேல். வைக்கும் அரங்குக்கு ஐந்துக்கு நாலரை தயங்காமல் கொடுக்கலாம்.

அம்பாறை நகரத்திலோ மகாஓயாப் பக்கத்திலோ இருந்து சிங்களம் பேசுபவர்கள் வந்தால் மொழிபெயர்ப்பு தேவைப்படும். மேடையில் ஒருவர் வசனத்துக்கு வசனம் பெயர்த்தால் இரண்டு மணித்தியாலக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம்தான் பேச்சு. ஐந்து பேர் வரை என்றால் அவர்களை ஒன்றாக இருத்தி, பக்கத்தில் இருந்து காதோடு சொல்லலாம். ஒருவர் அரை மணிக்கு மேல் தாங்கமாட்டார், பிழை விடத் தொடங்குவார். இரண்டு பேர் மாறி மாறி. தகவல் தாளை முதல் நாளே அவர்கள் கையில் கொடுக்காவிட்டால் எண்கள் தலைகீழாகும். பல அரங்குகள் இங்கே கஞ்சத்தனம் பிடித்து, "எல்லாருக்கும் கொஞ்சம் தமிழ் விளங்கும்" என்று விட்டுவிடுகின்றன. விளங்காது.

இஸ்ரேலியச் சுற்றுலாப் பயணிகள் வருகிற பொத்துவிலும் அறுகம்பேயும் தனி. 2024 ஒக்டோபர் 23இல் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேயில் தாக்குதல் அபாயம் என்று எச்சரித்த பிறகு அங்கே காசா என்பது தொலைக்காட்சிச் செய்தியாக இல்லை. ஹோட்டல்காரர், முச்சக்கரவண்டி ஓட்டுநர், மீனவர், பள்ளிவாசல் நிர்வாகம், எல்லாருக்கும் அதில் வயிற்றுப்பாடும் மனச்சாட்சியும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அங்கே வட்டத்தை இரண்டாகப் பிரித்து நடத்துவது நல்லது: முதலாவதில் போர், இரண்டாவதில் ஊரின் தொழிலும் பாதுகாப்பும். ஒரு அரசைக் கண்டிப்பதற்கும் கடலில் குளிக்க வந்தவரை மதத்தின் பெயரால் திட்டுவதற்கும் இடையிலான கோட்டை நடத்துனர் தொடக்கத்திலேயே போட வேண்டும். மத வெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிணை எளிதில் கிடைக்காத குற்றம்.

சட்டம் என்று வந்ததால் மீதியையும் சொல்லலாம். பேச்சுரிமையும் அமைதியாகக் கூடும் உரிமையும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கின்றன. மண்டபத்துக்கு வெளியே ஒலிபெருக்கி கட்டினால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். கூட்டம் முடிந்து பதாகையோடு காந்தி பூங்காவுக்கு நடந்தால் அது ஊர்வலம், அதற்கு முன்னறிவித்தல் வேறு. 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய இளைஞர் ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டார். 1979ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் என்ன செய்யக்கூடியது என்று நம்மூரில் விளக்கத் தேவையில்லை.

ஆகவே வரவுப் பதிவேட்டைப் பாருங்கள். வாசலில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையொப்பம் என்று ஐந்து நிரலுள்ள தாள் இருந்தால் அந்த அரங்குக்கு மதிப்பெண்ணில் ஒன்றைக் கழிக்கலாம். நிதி கொடுக்கும் நிறுவனம் கேட்கிறது என்பார்கள். தலை எண்ணிக்கையும் பெண்கள் ஆண்கள் பிரிவும் போதும் என்று முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வைத்த அமைப்புகளும் இருக்கின்றன. தாளைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் எந்த வட்டத்திலும் கேட்க வேண்டிய ஆட்கள்: முன்னாள் போராளி, காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி. பேஸ்புக் நேரலைக்கும் இதே கணக்கு. சொன்னதை வெளியில் சொல்லலாம், சொன்னவரைச் சொல்லக்கூடாது என்ற சட்டத்தைத் தொடக்கத்தில் அறிவித்து, போன்களை உறையில் போடச் சொல்லும் அரங்கை நம்பிப் போகலாம்.

வளைகுடாவில் ஆள் இருக்கும் குடும்பங்களுக்கென்று வைக்கும் வட்டங்கள் குறைவு, ஆனால் தேவை அதிகம். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் அடித்துக்கொண்டபோது, 23ஆம் திகதி கத்தாரில் அமெரிக்கப் படை இருக்கும் அல் உதைத் தளத்துக்கு ஈரானின் ஏவுகணை போனது, அந்தப் பக்கத்து வான்வழியும் மூடப்பட்டது. தோஹாவில் வேலை செய்யும் மகள் போன் எடுக்காத இரவு என்னவென்று இந்த மாவட்டங்களில் பல வீடுகளுக்குத் தெரியும். இஸ்ரேலுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்கள், ரஷ்யப் படையில் சேர்ந்து அகப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் என்று நாடு முழுக்க இந்தப் பட்டியல் நீளம். அப்படியான வட்டத்தில் வாதத்துக்கு அரை மணி போதும். மீதியில் கடவுச்சீட்டின் பிரதி வீட்டில் இருக்கிறதா, வேலை ஒப்பந்தத்தின் இலக்கம் தெரியுமா, தூதரகத்தில் பதிந்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் பெரிதாக ஒட்டினாலே பாதி வேலை.

கூட்டம் முடிந்த பிறகு என்ன தருகிறார்கள் என்பதிலும் அரங்குகள் வேறுபடுகின்றன. அநேகமானவை ஒன்றும் தருவதில்லை, குழுப்படம் மட்டும். நல்லவை ஒரே பக்கத்தில், பெயர்கள் இல்லாமல், ஒத்துப்போன விஷயம் எது, ஒத்துப்போகாதது எது, யாருக்கும் பதில் தெரியாத கேள்வி எது என்று மூன்று பந்தியாக எழுதி, நூலகப் பலகையிலும் பள்ளிவாசல், கோயில், சேர்ச் அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டுகின்றன. மூன்று நாளுக்குள் ஒட்ட வேண்டும். பிந்தினால் யாரோ ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவுதான் அந்தக் கூட்டம் என்று ஊரில் நின்றுவிடும், அதைத் திருத்த இன்னொரு கூட்டம் போட வேண்டிவரும்.